வலி நின்ற காலை

அன்று காலை எங்கள் லயத்து வரிசை வீட்டில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, தோட்டத்து டிரெசர், பிறகு ஏழு வயதில் நான். எழுபதுகளில், மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில்.

ஒரு வாரமாக எனக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குமேல் இடது காதில் வலி எடுத்து, யாரையும் தூங்கவிடாமல் அழுதேன். பனிக்காற்று புகுந்துவிட்டது என்று பெரியம்மா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை வெதுவெதுப்பாக விட்டார். விடியும்போது வலி சட்டென்று நின்றது. தலையணையில் மஞ்சளாக ஈரம். கெட்டநீர் இறங்கிவிட்டது என்று அம்மா சாமிக்குச் சூடம் காட்டினார். அப்பாவுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மருந்து கொடுக்கும் டிரெசரை அழைத்து வந்தார்.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"யாரு எண்ணெய் ஊத்துனது?"

"நான்தான். வலி நின்னுருச்சே ஐயா," என்றார் பெரியம்மா.

"அது எண்ணெயால இல்லம்மா. சளி மூக்குலேருந்து உள்வழியா காதுக்குப் போயி, சீழ் கட்டி, ஜவ்வு கிழிஞ்சு வெளிய வந்துருச்சு. அதான் வலி இல்ல. நாளைக்கே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இனி காதுல எதையும் ஊத்தாதீங்க."

அவர் தலை மறைந்ததும் பெரியம்மா சொன்னார்: "தும்முனாலும் ஆஸ்பத்திரிம்பாரு லா அவரு. நல்லாருக்கிற பிள்ளைய வளைவு ரோட்டுல வாந்தியெடுக்க வைக்கணுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். "வலிக்குதாம்மா?"

இல்லை என்று தலையாட்டினேன். உண்மையைத்தான் சொன்னேன். யாரும் போகவில்லை. பெரியம்மாவின் எண்ணெய்க்கு லயம் முழுக்கப் பேர் வந்தது.

அந்தக் காது பிறகு வருஷக்கணக்காக ஒழுகியது. வாத்தியார் சொல்வது பாதிதான் வந்து சேர்ந்தது. மக்கு என்று பின்வரிசைக்கு அனுப்பினார். அங்கே அந்தப் பாதியும் போனது. ஐந்தாம் வகுப்போடு நின்றேன். இன்றைக்கும் எந்தப் பிள்ளை காதைத் தேய்த்தாலும் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்வேன். வலி நின்றுவிட்டது என்றால் இன்னும் அவசரப்படுத்துவேன்.

அன்றைக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. மறுநாள் விடியலில், வேலைக்கு ஆள் திரட்டும் பெரட்டு மணி அடித்தபோது நல்ல காது தலையணையில் அழுந்த, வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். மணி எங்கோ பள்ளத்துக்குள் அடிப்பதுபோல இருந்தது. யாரோ அதைக் கழற்றிக்கொண்டுபோய் கீழே மாட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.