வரிசை முடியும்வரை நிற்கச் சொன்னவர்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் என் மகளுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். அழைத்தவர் எங்கள் முதலாளி. "தலைவலின்னு படுத்தாளாம்மா. எழுப்பினா எந்திரிக்கல," என்று சொல்லிவிட்டு அழுதார். அதைக் கேட்டுக்கொண்டே என் கை அடுத்த வாயைக் குழந்தைக்குக் கொடுத்தது. அன்றிலிருந்து, மகள் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கினால் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகம் உங்களில் பலருக்குத் தெரியும். கம்பெனி ஆண்டு விழா, புது வண்டி அறிமுகம், கல்யாண மண்டபம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். மேடையில் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய வலையைக் கட்டி, அதில் ஹாலோகிராம் உருவத்தை நிற்க வைப்போம். படத்தைத் தயார் செய்வது நான். மேடை முழுக்க அக்காவின் பொறுப்பு.

பாகலூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா இறந்துபோயிருந்தார். தாலி கட்டியதும் அவர் தோன்றி, கை உயர்த்தி ஆசீர்வதித்துவிட்டு மறைய வேண்டும். அவ்வளவுதான் எங்கள் திட்டம். மணமக்கள் அவர் காலில் விழுந்ததைப் பார்த்து மண்டபமே எழுந்து வந்து வரிசையில் நிற்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா குனிந்த நேரம் பார்த்து உருவம் மறைந்தது.

"அவங்க சனம்னா நிப்பாரு, எங்களப் பாத்தா ஓடிருவாரா?" என்று அவர் கத்தினார்.

அக்கா மேடைக்கு ஓடி, மாப்பிள்ளை வீட்டார் பேசும் கன்னடத்தில் "ஸ்வல்ப இரி மாவா, பர்த்தாரே," என்றார். கொஞ்சம் பொறுங்கள், வருவார் என்று. பிறகு என்னிடம், "மறுபடி ஓட்டுடி. வரிசை முடியற வரைக்கும் அந்த மனுசன் நிக்கணும்."

பந்தி போடும்வரை அந்த அப்பா கையை உயர்த்தி உயர்த்தி இறக்கினார். திரும்பும் வழியில் அக்கா, "உயிரோட இருந்திருந்தா கை வலிக்குதுன்னு எப்பவோ உக்காந்திருப்பாரு," என்று சிரித்தார்.

எல்லாவற்றுக்கும் அவர் சரி என்றவர் இல்லை. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர், இறந்துபோன தன் அம்மா, 'தம்பியோட சேர்ந்திரு' என்று தன்னிடம் சொல்வதுபோலக் குரலும் செய்து தரச் சொன்னார். "நிக்க வைக்கிறோம் சார். அவங்க சொல்லாதத சொல்ல வைக்க மாட்டோம்," என்றார் அக்கா.

"எல்லாமே பொய்தானேம்மா, இதுல என்ன நியாயம்?"

"ஆமா சார். அதான் அளவா இருக்கட்டும்னு."

இப்போது அக்காவுக்கே நினைவுக் கூட்டம். மாதா கோயில் மண்டபத்தில் அவரை ஹாலோகிராமாக நிற்க வைக்க வேண்டும் என்றார் முதலாளி. "யார் யாருக்கோ பண்ணினோம். நம்ம ஸ்டெல்லாவுக்குப் பண்ணலன்னா எப்படிம்மா?" அக்காவின் கணவர் ஆரோக்கியம் அண்ணனும், "எங்க பாப்பா அவ அம்மாவ ஒரு தடவ பாக்கட்டும்மா," என்றார். படத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு மேடைக்கும் முன்னால் உயரம் சரிபார்க்க, அக்காவைத்தான் கறுப்புத் துணிக்கு எதிரே நிறுத்திப் படம் பிடிப்போம். நான் வேலையைத் தொடங்கியும் விட்டேன். ஆனால் கையே ஓடவில்லை. மேடையில் அக்கா இடத்தில் நானும், கீழே உட்கார்ந்து பார்ப்பது என் மகளுமாக நினைத்தாலே கணினியை மூடிவிடுவேன். நான் பயந்தாங்கொள்ளி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பெரியவர்கள் நாங்களாகவே முடிவு செய்வது சரியாகப் படவில்லை. அண்ணன் தன் மகள் ஜெனியை அலுவலகத்துக்கு அழைத்து வந்த அன்று, அம்மாவை மேடையில் வெளிச்சமாக நிற்க வைக்கட்டுமா என்று அவர் எதிரிலேயே அவளிடம் கேட்டேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளை.

"அம்மாவுக்கு நான் தெரிவேனா ஆன்ட்டி?"

"தெரியாது கண்ணு. அது வெறும் வெளிச்சம்தான்."

"லைட் ஆஃப் பண்ணிட்டா?"

"மறஞ்சிருவாங்க."

"அப்ப வேணாம். மறுபடியும் போயிருவாங்க இல்ல."

அண்ணன் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்றே அந்த உருவம் செய்யும் வேலையை நிறுத்திவிட்டேன். குழந்தையிடம் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று முதலாளிக்கு இன்னும் மனத்தாங்கல். இருக்கலாம். எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. நாளைய கூட்டத்துக்கு வருகிறவர்கள் மேடையில் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். மாலை போட்ட புகைப்படம் மட்டும் இருக்கும்.

அக்கா நிற்கும் பதிவுகளையெல்லாம் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஜெனி வளர்ந்து கேட்டால் பார்க்கட்டும். என்னிடம் வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. குந்தாரப்பள்ளி தாண்டி வண்டியை ஓரம் கட்டி, மிளகாய்த்தூள் தடவிய மாங்காயைத் தின்றுகொண்டிருந்தபோது என் போனில் எடுத்தது. வாய் நிறைய மாங்காயோடு, "எடுக்காதடி, மூஞ்சி கண்றாவியா இருக்கு," என்று கேமராவை மறைக்கக் கை நீட்டுகிறார். பாதி விரல், பாதி சிரிப்பு, எல்லாம் கலங்கல். எந்த மேடைக்கும் அது உதவாது. எனக்கு அது போதும்.