முடுக்கிய திருகாணி

மனைவி மகளை அழைத்துக்கொண்டு போனது ஒரு புதன்கிழமை. ஃபிட்டர் அன்று ஊரின் மறுகோடியில் யாருக்கோ மூன்று கதவு அலமாரி பொருத்திக்கொண்டிருந்தார். மரச்சாமான் கடையில் அதுதான் அவர் வேலை. வீடு திரும்பியபோது மகளின் கட்டிலில் மெத்தை இல்லை. கட்டில் இருந்தது. அவர் கையால் பொருத்திய கட்டில், இம்மியும் ஆடாது.

பெரிய சண்டை என்று எதுவும் நடந்திருக்கவில்லை. "எதையும் இருக்கிறபடி விட மாட்டீங்க நீங்க" என்று மனைவி சொல்வாள். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு அதன் காலை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாதம் ஒரு ஞாயிறு மகளைப் பார்க்கலாம் என்று பேச்சு. அதுவும் காய்ச்சல், பரீட்சை, விருந்தாளி என்று கைநழுவிப் போகும். அந்தச் சமயத்தில்தான் பள்ளியிலிருந்து செய்தி வந்தது: புதிர்ப் போட்டிக் குழுவைப் பார்த்துக்கொண்ட ஆசிரியை பிரசவ விடுப்பில் போகிறார், வாரம் இரண்டு மாலை, சம்பளமில்லாமல், இந்த ஆண்டு முழுக்கப் பெற்றோர் யாராவது வர முடியுமா? அந்தக் குழுவில் மகள் இருந்தாள். படித்த சூட்டோடு பதில் போட்டார்.

கடையில் கூட வேலை பார்ப்பவன் சும்மா விடவில்லை. "என்னண்ணே, வாத்தியார் ஆயிட்டீங்களாமே. புள்ளைங்களுக்கு என்ன சொல்லித் தருவீங்க?"

"எதுவும் சொல்லித் தரக் கூடாதாம்டா. தொடவும் கூடாதாம். கேள்வி மட்டும்தான் கேக்கலாம்."

"கையக் கட்டிப்போட்டு உக்காரணுமா? நீங்களா? வெளங்கிடும்."

விதி உண்மையிலேயே அப்படித்தான். யோசனையும் பிள்ளைகளுடையது, கையும் பிள்ளைகளுடையது. அந்த ஆண்டுப் போட்டிக்குக் கொடுத்த புதிர், ஒரு வண்டி செய்வது. முறுக்கிய ரப்பர் வளையத்தின் விசையில் தானாக ஓடி, பாதி வழியில் தானாகத் திரும்பி, கோட்டைத் தொட வேண்டும். பள்ளியின் ஓவிய அறையில் குழுப் பிள்ளைகள் நால்வரும் தரையில் உட்கார்ந்து அட்டையையும் மரக்குச்சியையும் பாழாக்குவார்கள். ஃபிட்டர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பார்.

"கோச், கை மரத்துப் போகலையா?" என்று குழுவிலேயே சின்னவளான பொடிசு கேட்பாள்.

மகளும் அங்கே அவரைக் கோச் என்றுதான் கூப்பிடுவாள். வேலை முடிந்து, பள்ளி வாசலில் நிற்கும் அம்மாவிடம் போகிற வழியில் மட்டும் அப்பா என்பாள். "அப்பா, நீங்க சாப்பிட்டீங்களா?" அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் வாரம் இரண்டு மாலை கடையில் ஏச்சு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

போட்டிக்கு முந்தைய மாலை ஒரு சோபா அவரைத் தாமதப்படுத்திவிட்டது. வந்து சேர்ந்தபோது வண்டி முடிந்திருந்தது. "எப்படித் திரும்பும்?" என்றார். "நாளைக்குப் பாருங்க கோச், சஸ்பென்ஸ்" என்று சிரித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். வண்டியும் அவரும் தனியாக. முன் அச்சைப் பிடித்திருந்த திருகாணி தளர்ந்து ஆடியது. பார்க்கக் கூடாது என்று ஜன்னலைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஸ்குரூடிரைவர் எப்படிக் கைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. ஒரே ஒரு முடுக்கு.

மறுநாள் வண்டி அம்பு மாதிரி நேரே போய்ச் சுவரில் முட்டி நின்றது. நூல் இழுக்கும்போது அச்சு திரும்புவதற்காகவே அந்தத் திருகாணியைத் தளர்வாக விட்டிருந்தார்கள்.

"நீதான்டி கடைசியா ஸ்குரூடிரைவர் வச்சிருந்த" என்று குழுவில் ஒருவன் பொடிசிடம் பாய்ந்தான்.

"நான் லூசாத்தான் விட்டேன். சத்தியமா லூசாத்தான் விட்டேன்" என்று பொடிசு அழத் தொடங்கினாள்.

நடுவரம்மா வந்தார். "பெரியவங்க யாராவது வண்டியத் தொட்டாங்களா?"

தொட்டேன் என்றால் குழுவும் போய்விடும், மாலைகளும் போய்விடும், வாசல் வரைக்குமான அந்த நடையும் போய்விடும். மகள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் குனிந்து பொடிசின் தலையைத் தடவினார்.

"அழாதம்மா. யாருக்கும் கை தவறும்."

அன்று மகள் அவருக்காக நிற்காமல் வாசலுக்குத் தனியே நடந்தாள். அடுத்த வாரம் குழுவை விட்டு விலகிவிட்டாள். ஃபிட்டரால் விலக முடியவில்லை, ஆண்டு முழுக்க வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த போட்டிக்குத் தயாராகும் ஊரார் பிள்ளைகள் நடுவில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பொடிசு ஒவ்வொரு ஆணிக்கும் எழுந்து வந்தாள். "கோச், இது சரியா இருக்கா? நீங்களே ஒரு வாட்டி பாத்துடுங்க." தன் கைமேல் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது.

ஞாயிறுகள் குறைந்து, பிறகு நின்றே போயின. மகள் படித்து, வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன விவரமெல்லாம் அவருக்கு யார் யார் வழியாகவோதான் தெரிந்தது. மீசை முழுக்க நரைத்த பிறகு ஒரு நாள், யாருக்கோ கட்டில் பொருத்திக்கொண்டிருந்தபோது, போனில் மகளிடமிருந்து செய்தி வந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுப் படித்தார்.

"புது வீட்டுக்குக் கட்டில் வாங்கினேன். நானே மாட்டிட்டேன். ஒரு ஸ்குரூ லூசா இருக்கு, ஆடுது. இருந்துட்டுப் போகட்டும். நீங்க வர வேண்டாம்."