கண்ணாடிக்குள் கன்னியம்மா

காலை ஆறேகாலுக்கு வடக்கனந்தலில் டவுன் பஸ் ஏறினோம், நானும் என் அண்ணன் மனைவியும். பின்னால் கல்வராயன் மலை இன்னும் தூக்கம் கலையாமல் கிடந்தது. கள்ளக்குறிச்சிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லை.

ரோமாபுரியைப் பார்க்க வேண்டும் என்பது என் பள்ளிக்கூடத்து ஆசை. விமானம் கக்கும் புகையைப் பற்றிப் படித்த பிறகு அதை மூட்டை கட்டிவிட்டேன். அந்த ஊர்க்காரர்களே கப்பலேறி நம் அரிக்கமேட்டுக்கு வந்து, பானை சட்டியை எல்லாம் விட்டுப் போயிருக்கிறார்கள். அவை இருப்பது புதுச்சேரி அருங்காட்சியகத்தில். பேருந்திலும் ரயிலிலும் போய்ப் பார்ப்பது, பிளாஸ்டிக் வாங்குவதில்லை, குப்பை போடுவதில்லை என்று திட்டம். எவர்சில்வர் தூக்கில் எலுமிச்சை சாதம், செம்புப் பாத்திரத்தில் தண்ணீர். இதற்குப் பெயர் பசுமைப் பயணம் என்று அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன்.

“நாங்க கண்ணாலத்துக்குப் போனாலும் இப்டித்தான போவோம்? இதுக்கு ஒரு பேரு வேறயா?” என்றார் அண்ணி. என் பெருமை அந்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டது.

ஏழரைக்குக் கள்ளக்குறிச்சியில் விழுப்புரம் பேருந்து. ஆளுக்கு அறுபத்தைந்து ரூபாய். தியாகதுருகம் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அண்ணன் இருந்திருந்தால் ஜன்னல் வழியே கையை நீட்டி ஒரு கரும்பை உருவியிருப்பார். நாற்பது வயதிலும் அதைச் செய்து கண்டக்டரிடம் திட்டு வாங்கியவர். அண்ணி வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அதே நினைப்புதான் என்று தெரியும்.

அண்ணியை நான் இழுத்துக்கொண்டு வந்ததற்குக் காரணம் உண்டு. அப்பா காலத்தில் எங்கள் நிலத்தில் ஏர் ஓட்டும்போது கொழுவில் ஒரு மண் பொருள் தட்டுப்பட்டது. முழ நீளம், ஒரு முனை கூர், மறுமுனை உடைசல். அதைக் கூர்முனை மேலே இருக்கும்படி வரப்போரத்துப் புங்க மரத்தடியில் நட்டார்கள். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தார்கள். அன்றிலிருந்து அவள் கன்னியம்மா. வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு, ஆடியில் பொங்கல். சின்ன வயதில் பரீட்சைக்கு முன்னால் அவள் தலையில் நான் கொட்டாத மஞ்சளா! கல்யாணமாகி வந்த நாளிலிருந்து விளக்கேற்றுவது அண்ணியின் பொறுப்பு.

போன வருஷம் சாலையை அகலமாக்க வந்த இயந்திரம் புங்க மரத்தோடு அவளையும் வாரிக்கொண்டு போனது. அண்ணி அன்று அண்ணனோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். சாலை வேலை வருகிறது என்று முன்பே தெரிந்தும், நல்ல நாள் பார்த்து அவளை வீட்டுக்கு எடுத்து வரலாம் என்று தள்ளிப்போட்டதும் அவர்தான். அடுத்த மாதமே அண்ணன் போய்ச் சேர்ந்தார். “அவள வுட்டுட்டேன், அவ இவர இட்டுக்கினு போய்ட்டா” என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அதன் பிறகு அண்ணி எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை. வீட்டிலும் விளக்கில்லை. காற்று மாற்றம் ஏதாவது நல்லது செய்யாதா என்றுதான் கூட்டி வந்தேன்.

விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயில், பத்து ரூபாய். நாற்பது கிலோமீட்டருக்கு இவ்வளவு கம்மியா என்று அண்ணி டிக்கெட்டை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். புதுச்சேரியில் இறங்கி, கடற்காற்று வந்த திசையில் நடந்தோம். பூங்கா மரத்தடியில் சாப்பிட்டோம். பகல் ஒரு மணி வாக்கில் அருங்காட்சியகம்.

உள்ளே குளிர்ச்சி, நிசப்தம். மணிகள், விளக்குத் துண்டுகள், பளபளக்கும் சிவப்புத் தட்டின் உடைசல்கள். நான் ஒவ்வொன்றாக ஆசை தீரப் பார்த்துக்கொண்டு போனேன். திரும்பினால் அண்ணி பக்கத்தில் இல்லை.

அறைக்கோடியில் ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றார். செருப்பு இரண்டும் பின்னால் ஓரமாகக் கிடந்தன. பெட்டிக்குள், கப்பலில் மது கொண்டுவந்த ஜாடிகளின் அடிப்பாகங்கள் வரிசையாக இருந்தன. முழ நீளம், ஒரு முனை கூர், மறுமுனை உடைசல். எங்களுடையதும் ரோமாபுரி ஜாடிதானா என்று அறிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் அச்சு அசல் அவள்தான்.

“அம்மா, இங்க செருப்ப கழட்ட வாணாம்” என்றார் காவலாளி.

“எனக்கு வேணுங்க” என்றார் அண்ணி.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். பெட்டிக்குக் கீழே இருந்த அட்டையை எழுத்தெழுத்தாகப் படித்தார். நான் பயந்தேன். கும்பிட்டதெல்லாம் மது ஜாடியின் அடியையா என்று மனசு இன்னும் உடைந்துபோனால்?

“சாராயம் வந்த ஜாடியாம், மல்லிகா.”

“ஆமாம் அண்ணி.”

“எதுவா இருந்தா இன்னா? நம்ம வூட்டுக்கு வந்தப்புறம் அவ கன்னியம்மா.” கண்ணாடிக்கு மிக அருகே குனிந்து பார்த்தார். “எங்கேர்ந்து வந்தாளாம்?”

“கடலுக்கு அந்தப் பக்கம். பல மாதம் கப்பலில்.”

அண்ணி கண்ணாடியில் உள்ளங்கையைப் பதித்தார். பிறகு கன்னம் நனைய, ஆனால் தெளிவான குரலில் சொன்னார்: “அம்மாந்தூரம் தண்ணியில வந்தவ, ஒரு மிசினுக்கா பயந்துடப் போறா? மண்ணுல கெடந்தாலும் கெடப்பா. யாரு மேலயும் கோவப்பட்டிருக்க மாட்டா.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “அவருக்கு நோவு, அவரு போனாரு. அவ்ளோதான், இல்லடி?”

“அவ்வளவுதான் அண்ணி” என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவர் ஒரு வருஷம் காத்திருந்திருக்கிறார். நாங்கள் ஆறுதல் என்று என்னென்னவோ சொன்னோமே தவிர, அவர் கேட்க நினைத்ததைக் கேட்க விட்டதே இல்லை.

ரோமாபுரியை நேரில் பார்த்தவர்கள் என்னென்ன பார்த்தார்களோ, எனக்கு அந்தப் பெட்டி போதும். கிளம்பும்போது வாசலில் அண்ணி திரும்பிக் காவலாளியிடம் போனார்.

“வெள்ளிக்கெழம தெறந்திருக்குங்களா?”

“தெறந்திருக்கும்மா. திங்கக்கெழம மட்டும்தான் லீவு.”

“நல்லது. வாரத்துக்கு ஒரு நாளாச்சும் அவளும் தூங்கட்டும்” என்றார் அண்ணி.