கீறல் விழுந்த கம்பி

பீளமேட்டில் பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற பட்டறை ஒன்றில் பதினோரு வருஷமாக வேலை செய்துவந்தவள் சின்னத்தாயி. கை அப்படியொரு வேகம். ஆனாலும் 1993-ல் ஒருநாள் அவள் சுற்றிய சுருள் சோதனையில் புகைந்துவிட்டது. அங்கே ஒரு வழக்கம் உண்டு, எந்தப் பாவி கண்டுபிடித்தானோ: கெட்டுப்போன சுருளைச் சுற்றியவர் கழுத்திலேயே மாட்டி, டீ நேரம் முடிகிறவரை நிற்க வைப்பார்கள். ஃபோர்மேன் வரதராஜுலு சிரித்துக்கொண்டே மாட்டினார்.

"அம்மணிக்கு நகை போட்டாச்சுங்க!"

முப்பது பேரும் சிரித்தார்கள். வரதராஜுலு ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை, மறுநாளே மறந்துவிட்டார்.

அவள் உடம்பு மறக்கவில்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே காது சுடும், உள்ளங்கை வேர்க்கும். அவர் பக்கத்து மேஜைக்குத்தான் வருகிறார் என்று புத்திக்கு எட்டுமுன்னே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். பதினோரு வருஷப் பாராட்டில் ஒரு சொல்கூட அப்போது துணைக்கு வராது.

இரண்டு வருஷம் கழித்து, கம்பியை இறுக்கும்போது மூங்கில் பட்டை வழுக்கி மேல்பூச்சு கீறிவிட்டது. உள்ளே செம்பு தெரிந்தது; அப்படியே விட்டால் கரண்ட் கசிகிற இடம். ஃபோர்மேனிடம் சொன்னால் போதும், ஒரு மணி நேரத்தில் பிரித்துச் சுற்றிவிடலாம். எழுந்து போனாள். வரதராஜுலு நிமிர்ந்தார்.

"என்னங்க அம்மணி?"

அவள் கை தானாகக் கழுத்தைத் தடவியது. "ஒண்ணுமில்லீங்க, தண்ணி குடிக்க வந்தனுங்க."

திரும்பி வந்து கீறல்மேல் வார்னிஷைத் தடவினாள். சோதனையில் மோட்டார் தேறி, பல்லடம் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிற்று.

ஐப்பசி மழையில் அங்கே ராசாத்தாள் என்பவள் ஈரக்கையோடு அதைத் தொட்டாள். கரண்ட் அடித்து அங்கேயே செத்துப்போனாள். கைக்குழந்தைக்காரி.

கருகிய மோட்டார் பட்டறைக்குத் திரும்பி வந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது, வேலை போனாலும் சரி, ஜெயிலென்றாலும் சரி என்று சின்னத்தாயி முடிவு செய்துகொண்டாள். வரதராஜுலு எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, மோட்டார் நம்பரை ஏட்டோடு ஒத்துப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"நம்ம சின்னத்தாயி சுத்துனதுங்களா? அப்ப இங்க தப்பில்ல. ரெண்டு வருஷமா இவங்க கையில ஒரு கொறை வந்திருக்குதா? தோட்டத்துக்காரங்க எர்த்து குடுக்காம உட்டுப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க. இல்லீங்களா அம்மணி?"

முப்பது முகமும் அவள் பக்கம் திரும்பின. காது சுட்டது, உள்ளங்கை வேர்த்தது.

"ஆமாங்க," என்றாள் சின்னத்தாயி.