நாற்காலி ரயில்

‘வகுப்பறையில் ஒழுங்கையும் அமைதியையும் இம்மியும் பிசகாமல் நிலைநாட்டியவர்’ என்று, மழலையர் வகுப்பு டீச்சரின் பணி ஓய்வு விழாவில் தாளாளர் வாசித்தார். அந்த அறையை வருடக்கணக்கில் பெருக்கிய ஆயாம்மாவுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு ஆகிவிட்டது.

காலையில் பிள்ளைகள் வருமுன் டீச்சர் முட்டி போட்டு அறையைச் சுற்றி வருவார். “இந்த ஒசரத்துல இருந்து பாத்தாத்தான் எது எட்டும், எது எட்டாதுன்னு புரியும்” என்பார். தாழ்வான தட்டுகளில் மரக்கட்டைகள், டப்பாக்கள், பழைய போர்வை, மூலையில் மணல், பக்கத்திலேயே தண்ணீர், வேண்டுமென்றே. விலையுயர்ந்த பொம்மைகள் அவருக்கு ஆகாது. “சாவி குடுத்தா அதுவே ஆடிக்கும். அப்புறம் புள்ளைக்கு அங்க என்ன வேலை?”

வீட்டில் இதே மனுஷி வேறு ஆள். ஒரு கரண்டி இடம் மாறினால் வீடு ரெண்டுபடும். “என்னையும் அந்த மணல்ல கொண்டு போய் விட்டிருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்” என்பது கணவரின் நெடுநாள் புலம்பல்.

இப்போது அந்த அறையில் வரிசையாகப் பெஞ்சுகள். அவை வரக் காரணமான அந்த ஒரு நாள் காலையைப் பற்றித்தான் டீச்சர் ஆசை ஆசையாகப் பேசுவார்.

அது அவருடைய கடைசி வருடம். வகுப்பில் ஒரு சிறுமி தோள்பையைக் கழற்றாமல், அம்மா போன வாசலையே பார்த்து நிற்பாள். யாரோடும் விளையாட மாட்டாள். அன்று பள்ளியைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருவதாக இருந்தது. “இன்னிக்காவது ஸ்கூல் மாதிரி இருக்கட்டும் டீச்சர். இல்லேன்னா அடுத்த வருஷம் பெஞ்சு போட்டுடுவேன்” என்று சொல்லிவிட்டு, அவர்கள் உட்காரத் தாளாளரே மெத்தை நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டார்.

விருந்தினரோடு அவர் திரும்பி வந்தபோது, நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறையை அடைத்துக்கொண்டு நின்றன. சிறுமி முதல் நாற்காலியில் இருந்தாள். பை கடைசி நாற்காலியில்.

“என்ன கண்ணு இது?” என்றார் விருந்தினர் ஒருவர்.

“ரயில். அம்மாவோட ஆபீஸுக்குப் போகுது.”

தாளாளர் பல்லைக் கடித்தார். “எடுக்கச் சொல்லுங்க டீச்சர். எல்லாரும் நின்னுட்டிருக்காங்க.”

டீச்சர் முட்டி போட்டார். “ஆபீஸ் வந்துடுச்சா தங்கம்?”

“இன்னும் ரொம்ப தூரம் இருக்கு.”

டீச்சர் எழுந்தார். ஆயாம்மாவிடம் விரிப்பைக் கேட்டு வாங்கி, சுவரோரமாக விரித்து, தாளாளரையும் விருந்தினரையும் தரையில் உட்கார வைத்தார்.