மாகாணத்தின் பிள்ளை, மத்தியின் டீசல்

பிள்ளைகளைத் திருத்தலாம் என்று நம்பி நன்னடத்தை அலுவலராக வந்தேன். பாதிக் காலம் கடிதங்களைத் திருத்துவதிலேயே போகிறது. அரச கந்தோர்ப் படியேறி அலைந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஜீப்

தர்சிகா விசுவமடுப் பிள்ளை, வயது பதினைந்து. அயலவரின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனதற்காகச் சிறுவர் தடுப்பு இல்லத்தில் இருந்தாள். நீதிமன்றத்தில் நிறுத்தினால் தாயோடு அனுப்பிவிடுவார்கள். வழக்குத் தவணை தவறினால் இன்னும் பதினான்கு நாள் உள்ளே.

இல்லம் மாகாண சபையுடையது; பொலிஸ் மத்திய அரசுடையது. எங்கள் ஜீப்பில் டீசல் இல்லை, பொலிஸ் ஜீப்பில் இருந்தது. போய்க் கேட்டேன். சார்ஜன்ட் மரியாதையாகக் கதிரை தந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை மாகாணத்தின்ர, டீசல் மத்தியின்ர. ரெண்டையும் கலக்க ஏலாது, மிஸ்."

தவணை தவறியது.

மெத்தை

அந்தப் பதினான்கு நாளும் அவள் சீமெந்துத் தரையில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். களஞ்சிய அறையிலோ மத்தி அனுப்பிய புது மெத்தைகள் பொலித்தீன்கூடப் பிரிக்காமல் கிடந்தன. மாகாணப் பதிவேட்டில் அவை ஏறவில்லையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொலித்தீனை நானே கிழித்து, ஒரு மெத்தையை இழுத்துக்கொண்டுபோய் அவளிடம் போட்டேன். களஞ்சியக்காரர் பின்னால் ஓடிவந்தார்: "பென்சனுக்கு ரெண்டு வருசந்தான் கிடக்கு மிஸ், என்னை மாட்டிவிடாதேங்கோ!"

பஸ்

அடுத்த தவணைக்கும் ஜீப் வரவில்லை. இல்லத்துக் காப்பாளரையும் கூட்டிக்கொண்டு, தர்சிகாவோடு பஸ் ஏறினேன். அனுமதி கேட்கவில்லை, கேட்டிருந்தால் இன்றைக்கும் கேட்டுக்கொண்டே நின்றிருப்பேன்.

நீதவான் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "யாருடைய வாகனத்தில் கொண்டுவந்தீர்கள்?" என்றார். "சனத்தோட சனமா பஸ்ஸில, ஐயா" என்றேன். கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு தாயோடு போகச் சொன்னார்.

வாசலில் தாய் நின்றிருந்தா. தர்சிகா அவவின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்: "மிஸ், இனி நான் மாகாணமும் இல்லை, மத்தியும் இல்லை. அம்மாவின்ர பிள்ளைதானே?"

பிறகு மெத்தைக்கும் பஸ்ஸுக்கும் விளக்கம் கேட்டு மாகாணம் எனக்கு ஒரு கடிதமும் மத்தி ஒரு கடிதமும் அனுப்பின. தபால் செலவைச் சரிபாதியாகப் பங்குபோட அவர்களுக்குத் தெரியாது என்று இனி ஒருவரும் சொல்லக்கூடாது.