பத்துக்கு இரண்டு

கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு, எங்கள் சமையலறையில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக வாத்தியார் நடந்துகொண்டிருக்கிறார். மேசையில் அவருடைய நோட்டு விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கழுத்தை மட்டும் நீட்டி அதை எட்டிப் பார்க்கிறார். இருபது வருடம் பரீட்சை அறையைக் கண்காணித்த நடை அது. இங்கே எழுதியவரும் அவர்தான், கண்காணிப்பவரும் அவர்தான்.

ஊரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். நாற்பத்து நான்கு வயதில், சம்பளமில்லாத விடுப்பில், கற்பிக்கும் முறைகளைப் பற்றிப் பட்டம் படிக்க இந்த நாட்டுக்கு வந்து எங்கள் மாடி அறையில் குடியிருக்கிறார். நான் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவன். வந்து ஒன்பது வருடமாகிறது. இந்த ஊர் மொழிதான் எனக்குச் சோறு போடுகிறது. அவருக்கோ அது தண்ணி காட்டுகிறது. பட்டப் பாடங்கள் ஆங்கிலத்தில் என்பதால் அவற்றில் வெளுத்து வாங்குகிறார். உள்ளூர் மொழி வகுப்பு மட்டும் வேப்பங்காய்.

"சூத்திரம்னு ஒண்ணு இருந்தா பிடிச்சுக்கிட்டு ஏறிடலாம் தம்பி. இதுல எதைப் பிடிச்சாலும் வழுக்குது" என்பார்.

வீட்டுப்பாடம் முடிந்ததும் புத்தகத்தின் கடைசியில் உள்ள விடைகளைப் பார்த்துச் சிவப்புப் பேனாவால் தானே திருத்திக்கொள்வார். துளி இரக்கம் கிடையாது. பெரும்பாலும் பத்துக்கு இரண்டுதான். ஒருநாள் மூன்று போட்டுவிட்டு, கையெழுத்து சரியில்லை என்று ஒன்றைக் குறைத்துக்கொண்டார். போன வாரம் பக்கத்தின் அடியில் 'பெற்றோரை அழைத்து வரவும்' என்று எழுதியிருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மொழி வகுப்பு ஆசிரியை அவரைத் தனியாக அழைத்து ஒரு படிவத்தைக் கொடுத்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது இருக்கும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் வகுப்பிலிருந்து விலகினால் சான்றிதழில் ஒரு கறையும் விழாது. ஆனால் மொழித் தேர்வில் தேறாமல் இங்குள்ள பள்ளியில் நின்று பாடம் எடுக்கும் பயிற்சி கிடைக்காது. நூலகத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதிப் பட்டம் வாங்கிக்கொள்ளலாம். அவர் கடல் தாண்டி வந்ததே அந்தப் பயிற்சிக்காகத்தான். விலகாமல் இருந்து தோற்றாலோ உதவித்தொகை நின்றுவிடும். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

வியாழன் மாலை மனைவியோடு பேசினார். நடையை நிறுத்த மனமில்லாமல் போனை மேசையில் வைத்து ஒலியைக் கூட்டியிருந்ததால் எனக்கும் கேட்டது. ஊரில் அவர் வேலை பார்த்த அதே பள்ளியில் அந்த அம்மாள் அலுவலக எழுத்தர்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"விலகிடலாம்னுதான் பார்க்கிறேன். அந்த டீச்சரும் தன்மையாத்தான் சொல்றாங்க. எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்ங்கிறாங்க."



"அது உங்க வசனமாச்சே" என்றார் அந்த அம்மாள். "அந்த லெட்டரையெல்லாம் டைப் அடிச்சவ நான்."

வாத்தியார் அடுப்பருகே நின்றுவிட்டார். அந்த அம்மாள் போனை வைத்த பிறகும் நகரவில்லை. என்ன லெட்டர் என்று நான் கேட்கவில்லை; அவராகவே சொன்னார்.

"அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சதும் தேறாதுன்னு தோணுற பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு லெட்டர் போட்டுக் கூப்பிடுவேன். ஸ்கூல் மூலமா எழுத வேணாம், தனித்தேர்வரா அப்புறம் எழுதிக்கட்டும்னு கையெழுத்து வாங்கிடுவேன். வருஷத்துக்கு நாலு பேர், அஞ்சு பேர். மிச்சப் பேரெல்லாம் பாஸ். நூத்துக்கு நூறுன்னு கேட்ல பேனர் கட்டுவாங்க. அதுல என் போட்டோ இருக்கும்."

அப்படி ஒரு பெண். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் போகவில்லை. ஆசிரியர் அறை வாசலில் கடைசி மணி அடித்த பிறகும் நின்றிருக்கிறாள்.

"ஃபெயிலானா ஆயிக்கிறேன் சார், எழுத மட்டும் விடுங்கன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நேரமாச்சு, வீட்டுக்குப் போம்மான்னேன்."

அவள் பிறகு எழுதினாளா என்று கேட்டேன். தெரியாது என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, மறைப்பானேன். அந்த நோட்டைப் பார்த்ததும் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு அவரோடு போனேன். "கையெழுத்து வாங்குற இடத்துல நான் எதையாவது உளறி வைப்பேன், கூட வாங்க" என்று அழைத்திருந்தார். படிவத்தை முழுக்க நிரப்பி, தன் கையெழுத்தையும் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஆசிரியையின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. தாழ்வாரத்தின் கோடியில் படிவம் வாங்கும் ஜன்னல். அதற்கு மேலே கடிகாரம், மூன்று நாற்பது. ஆசிரியையின் அறைக் கதவு சாத்தியிருந்தது. வாத்தியார் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். உதடுகள் எதையோ முணுமுணுத்தபடி இருந்தன. பயத்தில் பழைய பாடத்தை ஒப்பிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கதவு திறந்தது. ஆசிரியை எங்களைப் பார்த்துச் சிரித்து, பேனாவைத் திறந்து, படிவத்துக்காகக் கையை நீட்டினார். நான் பேச வாயெடுத்தேன்.

"நீங்க பேச வேணாம் தம்பி" என்றார் வாத்தியார்.

பிறகு அந்த ஊர் மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். என் கணக்குக்கு இரண்டு பிழைகள். ஆனால் புரிந்தது. "தோற்றால் தோற்றுக்கொள்கிறேன். தேர்வு எழுத மட்டும் விடுங்கள்."

ஆசிரியை திகைத்து என்னைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைக் காட்டி, உதவித்தொகையைப் பற்றி நிதானமாக எடுத்துச் சொன்னார். வாத்தியாருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. முடியும்வரை கேட்டுவிட்டு, அதே இரண்டு வாக்கியங்களை அதே இரண்டு பிழைகளோடு மறுபடி சொன்னார். கோடியில் அந்த ஜன்னலை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் கவனித்தேன். பின்னால் கோத்திருந்த கைகள் எப்போதோ முன்னுக்கு வந்திருந்தன. மகள் வயதுப் பெண்ணின் எதிரில், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, தலையைச் சற்றே தாழ்த்தி வாசலில் நின்றுகொண்டிருந்தார் வாத்தியார்.